பகல் தூக்கத்துக்கு ஓர் அறை

என் செல்போனில் வாடிக்கையாளர்கள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வீடுகளுக்கு உள் அலங்கார வேலை எடுத்துச் செய்கிறவன் நான். வீட்டை வைத்துத்தான் ஆளை ஞாபகம் வைத்துக்கொள்வேன். 'பாகலூர் ரோடு தேக்கு கலர்', 'சூளகிரி சிவப்பு கிச்சன்', 'ராயக்கோட்டை ரோடு ரெண்டு தடவை மாத்தினவர்' என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் 'பகல் தூக்கம்' என்றும் ஒரு பதிவு உண்டு. போன் மாற்றும்போதெல்லாம் பழைய எண்களைக் களையெடுத்துவிடுகிற நான், இந்த எண்ணை மட்டும் விடாமல் கொண்டுவருகிறேன். இத்தனைக்கும் அதற்கு நான் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. பகலில் கூப்பிடக் கூடாது என்பது அந்த எண்ணுக்குரிய அம்மா எனக்குப் போட்ட முதல் சட்டம். ராத்திரியில் அவர் வேலையில் இருப்பார், போன் கம்பெனி லாக்கரில் கிடக்கும். பிறகு எப்போதுதான் கூப்பிடுவது?

ஓசூரில் என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் ஒரு போட்டோவோடு வருவார்கள். மேனேஜர் வீட்டு ஹால், மச்சான் வீட்டுச் சமையலறை, பெங்களூரில் ஏதோ ஒரு ஹோட்டலின் வரவேற்பறை. "இதே மாதிரி" என்பார்கள். நான் மாதிரிப் படங்கள் இருக்கும் டேப்லெட்டை எடுத்து, "மாடர்னா, கிளாசிக்கா, செட்டிநாடா, இல்ல ஸ்காண்டிநேவியனா?" என்று கேட்பேன். கடைசிப் பெயரை நாக்கு சுளுக்காமல் சொல்ல நானே தனியாக உட்கார்ந்து பழகியிருக்கிறேன். அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அந்த நிமிர்வில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

அந்த அம்மா நிமிரவில்லை. சாய்ந்தார். காலையில் கடை திறந்த நேரம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, காலில் பாதுகாப்பு ஷூ, பக்கத்தில் வீட்டுக்காரர். கடையில் பார்வைக்கு வைத்திருந்த சோபாவில் உட்கார்ந்தவர், தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஸ்காண்டிநேவியனில் பாதி தூரம் போயிருந்தேன்.

"மயக்கம் கியக்கமாங்க? தண்ணி எடுத்துனு வரட்டுமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இல்லங்க, பாக்குறா" என்றார் அவர், பழகிப்போன முகத்தோடு.

"அண்ணே, ஒங்க கடைல என்னமோ டிக்கு டிக்குன்னு அடிக்குது. அங்கிட்டு, மேல" என்று கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டினார் அந்த அம்மா. மின்விசிறியைச் சொன்னார். வருடக்கணக்காக அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் கேட்டதே இல்லை. "பின்னாடி யாரோ பலகை அறுக்குறாக. இந்தச் சோபாத் துணி கழுத்துல குத்துது. வெயிலு இந்தக் கன்னத்துல மட்டும் அடிக்குது."

"அதெல்லாம் சரிங்க மேடம், ஸ்டைலு?"

"மேடம்னு சொல்லாதீகண்ணே. கண்ண மூடுனா நல்லா இருக்குற ஸ்டைல் எது, அதக் காட்டுங்க."

என் டேப்லெட்டில் அது இல்லை.

அவர் சிவகங்கைப் பக்கம். கல்யாணமாகி வந்ததும் ஓசூரிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். வண்டிகளுக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன். மெஷினிலிருந்து வருகிற பாகத்தைக் கையில் வாங்கி, விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்து, ஓகே ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கம்பெனி வாசலோடு விட்டுவிட்டு வருகிற ஆளில்லை அவர். அலமாரிக் கைப்பிடிகளை ஒரு தட்டு நிறைய அடுக்கி முன்னால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவி, "ரிஜெக்ட்டு. ரிஜெக்ட்டு. இது என்னண்ணே, கத்தியா? ரிஜெக்ட்டு" என்று தள்ளிக்கொண்டே போனார். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதுவரை மினுமினுப்பைப் பார்த்துக் கைப்பிடி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், தானும் கண்ணை மூடித் தடவ ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. விலை உயர்ந்த பித்தளைக் கைப்பிடிகள் எல்லாம் ரிஜெக்ட் குவியலில் கிடந்தன.

கடைசியில் ஓகே ஆனது உருண்டையான ஒரு சாதாரண மரக் குமிழ். தூக்கக் கலக்கத்தில் நடந்துபோகும்போது இடுப்பில் இடித்தாலும் வலிக்காது என்றார். அந்தக் குமிழை இன்று நான் என் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சிபாரிசு செய்கிறேன் என்பது வேறு விஷயம்.

எல்லோரும் மாதிரிக்குப் போட்டோ கொண்டுவருவார்கள் என்றேனே, இந்த அம்மா மாதிரிக்குக் கொண்டுவந்தது ஒரு பஸ்ஸை. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாராம். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. பஸ் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடைசி ஆளை இறக்கிவிட்டு, டிரைவர் வீட்டருகே புளியமர நிழலில் ஓரம் கட்டிவிட்டது. பின் சீட்டில் சுருண்டு கிடந்தவரை டிரைவர் கவனிக்கவில்லை. ஜன்னல் எல்லாம் திரை போட்ட பஸ், ஆள் நடமாட்டம் இல்லாத இடம். இங்கே வீட்டுக்காரர் சைலன்ட்டில் கிடந்த போனுக்கு அடித்து அடித்து ஓய்ந்து, கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருந்தார். அங்கே அந்த அம்மா மத்தியானம் வரைக்கும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

"அப்படித் தூங்கி எத்தன வருசமாச்சு தெரியுமாண்ணே? முழிச்சதும் அழுக வந்துருச்சு. பயத்துல இல்ல. மறுபடி எப்ப இப்படித் தூங்குவோம்னு" என்றார். "எனக்கு அந்த பஸ்ஸு மாதிரி ஒரு ரூமு வேணும்."

சொந்த வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். அதுவரை அவர்கள் இருந்தது வரிசையாக ஐந்தாறு குடித்தனங்கள் உள்ள வாடகை வீடு. தலைக்கு மேலே தகரம், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்துப் போர்ஷனில் மிக்ஸி ஓடினால் இந்தப் பக்கம் தட்டு ஆடும். குக்கர் விசில், கேஸ்காரர், கூரியர்காரர், ஒலிபெருக்கியோடு வரும் வெங்காய வண்டி. ஊருக்கெல்லாம் பகல், அவருக்கு மட்டும் ராத்திரி. அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? வீட்டில் இருக்கும் பொம்பளை சும்மாதானே இருக்கிறாள் என்று கதவைத் தட்டிப் பேச உட்கார்ந்துவிடுவார்கள்.

அதன் விளைவு ஒருநாள் லைனில் தெரிந்தது. ரிஜெக்டில் போகவேண்டிய ஒரு பாகத்தை ஓகே பக்கம் போட்டுவிட்டார். அடுத்த மேசையில் பிடித்துவிட்டார்கள். இன்னொரு முறை நடந்தால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். விஷயம் ஊருக்குப் போனதும் மாமியார், "போதும் தாயி, வேலைய விட்ரு, பகல்ல தூங்கி ராத்திரி முழிக்கிற பொழப்பு நமக்கு வேணாம்" என்று போனில் ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்காரரும் அரை மனதாக அதற்குத் தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் இறங்கவே இல்லை. "என் வெரலு பொய் சொல்லாதுண்ணே. தூக்கம் இல்லாத அன்னைக்குத்தான் தடுமாறுது. தூங்க ஒரு ரூமு இருந்தா நான் அந்த மேசைய விட மாட்டேன். இல்லன்னா புது வீடு கட்டியும் வேலை போச்சு" என்றார். அவர் என்னிடம் கேட்டது அலங்காரம் இல்லை, உத்தியோகம் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். வாய் மட்டும், "ஆகட்டும் பாக்கலாம்மா" என்று தொழில்காரன் மாதிரிச் சொல்லிவைத்தது.

வீடு கெலவரப்பள்ளி போகிற வழியில் ஒரு புது லேஅவுட்டில் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, தரை சிமென்டாகக் கிடந்த சமயம். ஒருநாள் காலை மேஸ்திரி போன் செய்தார். அவருக்குத் தாய்மொழி தெலுங்கு, பதற்றத்தில் தமிழ் பாதிதான் வரும். "சார், ஓனரம்மா படிபோயாரு சார்! கீழ உழுந்துட்டாங்க, கண்ணு தொறக்கல!"

வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். பின்பக்க அறையின் வெறும் தரையில், சிமென்ட் சாக்கை விரித்து, ஷூவைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார் அந்த அம்மா. மேஸ்திரி விசிறிக்கொண்டிருந்தார். என் வண்டிச் சத்தம் கேட்டதும், "ஒங்க வண்டி சைலன்சரு ஓட்டையாயிருச்சுண்ணே" என்றார், கண்ணைத் திறக்காமல்.

ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் இறங்கி, ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அறையில் படுத்துப் பார்த்திருக்கிறார். ரோட்டோர அறையில் லாரி கேட்டது. வாஸ்துப்படி தென்மேற்கில் ஒதுக்கிய பெரிய படுக்கையறையில் மத்தியானம் ஆனதும் வெயிலில் சுவர் சுட்டது. சாமான் அறை என்று வரைபடத்தில் போட்டிருந்த வடக்குப் பக்கத்துச் சின்ன அறைதான் குளிர்ச்சியாக இருந்தது, சத்தமும் குறைவு. "இதான் எனக்கு. சாமானெல்லாம் அந்தப் பெரிய ரூமுல கெடக்கட்டும். அதுக்கென்ன, வெயில்ல காஞ்சா தூக்கமா கெட்டுப்போகும்?" என்றார்.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. நல்ல மனிதர்தான், இன்னொரு கம்பெனியில் பகல் ஷிஃப்ட் மட்டும் பார்க்கிறவர். அவருக்கு ஹால் வேண்டும். அவர் செக்ஷன் மேனேஜர் வீட்டில் இருப்பதுபோல ஜிப்சம் கூரை, கலர் மாறும் விளக்கு, சுவர் முழுக்க டிவி யூனிட். கையில் இருந்த பணம் ஹாலுக்குப் போதும், அல்லது அந்த அறைக்குப் போதும், இரண்டுக்கும் போதாது. என் கடையிலேயே விவாதம் நடந்தது.

"வர்றவுக ஹாலத்தான பாப்பாக? உள் ரூம யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்க வேணாம். நானே பாக்கப் போறதில்ல, கண்ண மூடிட்டுத்தான கெடப்பேன்."

நான் ஹால் பக்கம்தான் சாய்ந்தேன். கலர் மாறும் விளக்கு போட்ட ஹாலை போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள். தூங்குகிற அறையைக் காட்டி யாரை இழுக்க முடியும்?

விவாதத்தை முடித்துவைத்தது வீட்டுக்காரரின் கம்பெனி. புது மெஷின் இறக்குகிறார்கள் என்று அவரை ஒரு வாரம் நைட்டுக்குப் போட்டார்கள். வாரம் முடியக்கூட இல்லை, சிவந்த கண்ணோடு தனியாகக் கடைக்கு வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "அந்த வெங்காய வண்டிக்காரன் மைக்க ஒருநாள் புடுங்கி வாய்க்கால்ல போடப் போறேன்" என்றார். மாறிப்போன பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். "இவ இத்தன வருசமா எப்படிங்க தாங்குனா? அந்த ரூமையே போடுங்க. ஹாலுக்கு வெள்ளையடிச்சா போதும்."

இனி என் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். ஹாலுக்கும் அந்த அறைக்கும் இடையில் இருந்த சுவர் முழுக்க அலமாரி அடித்தேன். துணிமணி, போர்வை, பாய் எல்லாம் அதற்குள் அடைந்துவிட்டால் சத்தம் தாண்டி வர வழியில்லை. கதவு கனமான பலகை, சுற்றிலும் ரப்பர் பட்டி. ஜன்னல் திரைக்கு மேலே பெட்டி மாதிரி மூடினேன், வெளிச்சம் மேல்வழியாகக் கசியாமல் இருக்க. வாசல் மணி சமையலறையில் மட்டும் ஒலிக்கும், அதை நிறுத்தும் சுவிட்ச் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில். சுவிட்ச் போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியுமே, அதைக்கூடக் கழற்றச் சொன்னார். "இமைக்குள்ள வந்து குத்துதுண்ணே" என்றார். சுவருக்கு என்ன வண்ணம் என்று கேட்டதற்கு, "ஒங்களுக்குப் பிடிச்சத அடிங்க" என்று சொல்லிவிட்டார். என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு சுதந்திரம் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. அன்னாசிப் பழத்தின் மஞ்சளில் அடித்தேன்.

வேலை முடிந்ததும் கடை ஆல்பத்துக்கு ஒரு படம் எடுக்கலாம் என்று போனேன். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, அந்த அம்மா எப்படிப் பார்ப்பாரோ அப்படி எடுத்தேன். கறுப்பாக ஒரு சதுரம் விழுந்தது. அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் வேலையிலேயே சிறந்தது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் போன் கெட்டுவிட்டதா என்கிறார்கள். நைட் ஷிஃப்ட் பார்க்கிற வீட்டு ஆட்கள் மட்டும், "எந்த ஏரியாங்க?" என்று கேட்டுவிட்டு உட்காருகிறார்கள்.

புதுமனை புகுவிழாவுக்கு நானும் போயிருந்தேன். வேலை செய்தவர்களுக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது வழக்கம். அந்த வாரமும் அந்த அம்மாவுக்கு நைட்தான். முதல் நாள் ராத்திரிக்கு மட்டும்தான் லீவு கிடைத்தது. அந்த ராத்திரி முழுக்கக் கோலமும் சமையல் ஏற்பாடுமாகக் கழிந்துவிட்டது. விடியலில் பட்டுப்புடவை கட்டி, பால் காய்ச்சி, எல்லோருக்கும் கையால் ஊற்றிக் கொடுத்தார். அன்று ராத்திரி மறுபடி டூட்டிக்குப் போயாக வேண்டும். காலைப் பந்தி தொடங்கியதும் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். அறைக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது.

சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கூடவே ஒலிபெருக்கிப் பெட்டியும் வந்திருந்தது, அதில் பாட்டு அலறியது. புது வீட்டுக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறை விடமாட்டார்கள். அலமாரியைத் திறந்து மூடுவார்கள், குழாயைத் திருகுவார்கள், சுவரைத் தட்டுவார்கள். வெள்ளையடித்த வெறும் ஹாலைப் பார்த்து யாருக்கும் மனம் நிறையவில்லை. எல்லோரும் வந்து நின்றது மூடிய கதவின் முன்னால்.

"இந்த ரூமக் காட்டலையேப்பா?" என்றார் வீட்டுக்காரரின் சித்தப்பா.

"உள்ள தூங்குறா, சித்தப்பா."

"யாரு, ஒம்பொண்டாட்டியா? மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கா. ராத்திரி டூட்டி."

"பால் காச்சுன அன்னைக்கா? வீட்டுக்காரி படுத்துக் கெடந்தா வந்தவுகள யாரு வாங்கன்னு கேக்குறது?"

பாட்டுக்கு மேலே அவர் குரல் கேட்டது. பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் பாயசப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டார், முகம் சுருங்கியிருந்தது. வீட்டுக்காரர் நெற்றியைத் துடைத்தார். கதவைத் தட்டி எழுப்பிவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. என் ரப்பர் பட்டியும் அலமாரியும் போகட்டும், இன்று தூங்காவிட்டால் ராத்திரி அந்த விரல் தடுமாறும். தடுமாறினால் மேசை போய்விடும்.

வீட்டுக்காரர் போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

"இந்த வீட்டுலயே பெரிய செலவு இந்த ரூமுதான் சித்தப்பா. ஹால்ல ஒண்ணுமில்லன்னு பாக்குறீகள்ல? எல்லாம் இதுக்குள்ளதான் போட்டுருக்கோம். அவ ராத்திரி பூராம் நின்னு வேல பாக்குறா, பகல்ல தூங்கணும். நீங்க பாட்டுக்குச் சத்தமாப் பேசுங்க. உள்ள கேக்காது."

சித்தப்பா நம்பவில்லை. கதவுக்கு வாயை வைத்து, "அம்மாடி!" என்று ஓர் அதட்டல் போட்டார். ஆடு மேய்த்த தொண்டை, தெருவே திரும்பியிருக்கும். உள்ளே ஓர் அசைவு இல்லை. இன்னொரு அதட்டல். குழந்தைகளும் சேர்ந்து கத்தினார்கள். ஒன்றுமில்லை. சித்தப்பா கதவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருப்பா இத மாட்டுனது?" என்று கேட்டார். நான் பாயில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு காட்சி மாறிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஹாலில் நின்று அலமாரிச் சுவரைத் தட்டுவதும், "கேக்காதாம்ல!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுமாக ஆனது. பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு வந்த மாமியார், மத்தியானம் வந்தவர்களுக்குத் தானே முன்வந்து விளக்கம் சொன்னார். "எம்மருமக தூங்குறா. கம்பெனில அவ தொட்டு ஓகே சொன்னாத்தான் வண்டிக்கு மாட்டுவாகளாம்" என்றார்.

வேட்டி துண்டைத் தம்பதியாக நின்றுதான் கொடுக்க வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டதால் நான் காத்திருந்தேன். வேன்கள் கிளம்பின. பாட்டுப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பந்தலைப் பிரித்தார்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் அந்தக் கதவு திறந்தது. கன்னத்தில் தலையணைக் கோடு, கசங்கிய பட்டுப்புடவை. வாசல் வரை வந்து, காலியான நாற்காலிகளைப் பார்த்து அந்த அம்மா திகைத்து நின்றார். கண் கலங்கிவிட்டது.

"என்னண்ணே, யாருமே வரலையா? ஒரு சத்தத்தையும் காணோமே?"

மாமியார் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஊரே வந்து ஒன்னியக் கூப்புட்டுக் கத்திட்டுப் போயிருச்சு தாயி. நீ சாப்புட்டுட்டு டூட்டிக்குக் கெளம்பு, பஸ்ஸு வந்துரும்."